பதின்மூன்று வரித் தையல்

குருவைத் தேடி மலையேறிப் போனவர்கள் கதை எத்தனையோ உண்டு. தணிகாசலம் ஏற்கெனவே மலைமேல்தான் இருந்தார். அதனால் அவர் இறங்கிப் போக வேண்டியிருந்தது. ஏற்காட்டில் அவர் வீட்டு வாசலிலிருந்து கீழ்த்தெருவுக்கு நாற்பத்திரண்டு படி. அந்த நாற்பத்திரண்டையும் இறங்க அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது.

குரு என்றதும் யாரும் வெள்ளைத் தாடியைத் தேட வேண்டாம். மைமூனுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்து மூன்று. மைமூன் தன் வீட்டிலிருந்தே போர்வை தைப்பவள். பழைய சேலை, பழைய வேட்டி, பழைய விரிப்பு, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அடுக்கடுக்காகப் போட்டு, கையாலேயே தைத்து, ஒரே போர்வையாக்கித் தருவாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். என்ன, கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. அது ஒன்றுதான் கஷ்டம்.

தணிகாசலம் நில அளவை ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அவருடைய அண்ணன் வேதாசலமும் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு, அது இங்கே வேண்டாம். இரண்டு பேருமாக ஒரே வீட்டில், ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்துப் படித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். போன வருஷம் ஐப்பசியில் அண்ணன் போய்விட்டார். இப்போது பேப்பர் முழுசும் தணிகாசலத்துக்குத்தான். அண்ணன் படிக்கிற பாதியை அவர் பிரிப்பதே இல்லை.

அவர் மைமூன் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பெரிய சேலைப் போர்வை ஒன்று விரித்துக் கிடந்தது. ஒரு பக்கம் மைமூன், ஒரு பக்கம் அவள் நாத்தனார் சபூரா, இன்னொரு பக்கம் அடுத்த வீட்டு அஞ்சலை. மூன்று பேரும் தைத்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளை நிழலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, தையல் நிற்கவில்லை.

"வாங்கய்யா, உக்காருங்க" என்றாள் மைமூன்.

அவர் வாசற்படி ஓரத்திலேயே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். நேராகக் கேட்டார்.

"தனி ஆளா ஒருத்தன் ஒரு போர்வையைத் தைச்சு முடிக்க முடியுமாம்மா?"

"தனி ஆளான்னா?"

"யார் உதவியும் இல்லாம. துணியைப் பிடிச்சுக்க ஆள் இல்லாம. பக்கத்துல உக்கார ஆள் இல்லாம."

"பேச்சுத்துணையும் இல்லாமலா?" என்றாள் சபூரா. "அடியம்மா! எனக்கெல்லாம் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்."

"நீ சும்மா இரு" என்றாள் மைமூன். பிறகு அவரிடம், "முடியும்யா. ஆனா எதுக்கு?"

தணிகாசலம் கையிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திருப்பூரில் அவருக்கு ஒரு தங்கை, மங்கையர்க்கரசி. அண்ணன் போனதிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்கிறாள். 'சின்னண்ணா, இங்க வந்துரு. அந்தக் குளிர்ல யாருக்காக உக்காந்திருக்க?' என்கிறாள். இவரும் ஒரு வருஷமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார். தை பிறந்ததும் முடிவாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றார். "என்னால தனியா இருக்க முடியுமா முடியாதா. சமைக்கிறது, துவைக்கிறது எல்லாம் கணக்குல சேராது. அது யாரும் செய்வாங்க. எனக்குத் தெரியாத ஒரு வேலை. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நானே செஞ்சு பாக்கணும். முடிஞ்சா, வரலைன்னு சொல்லிடுவேன். முடியலைன்னா பெட்டியைக் கட்டிடுவேன்."

"அதுக்குப் போர்வைதான் கெடைச்சுதா?"

"அண்ணன் வேட்டி பதினாறு இருக்கு, பெட்டியில. யாருக்கும் குடுக்க மனசு வரல."

"நீங்க கட்டிக்கலாமே."

"கட்டிப் பாத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. கண்ணாடி முன்னால நின்னா அவர் நிக்கிறார்."

மூன்று ஊசியும் நின்றன. மைமூன் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு தண்ணி விட்டு அலசுங்க. கஞ்சி சுத்தமாப் போகணும்" என்றாள். "அஞ்சு அடுக்கு போடுங்க. நகராம இருக்க தூரந்தூரமா இழை ஓட்டிப் பிடிச்சுக்கங்க, அது அப்புறம் உருவிடற தையல். பெறவு நடுவுல ஆரம்பிச்சு வெளிய வாங்க. இடது கை எப்பவும் துணிக்கு அடியில இருக்கணும். ஊசி வந்துருச்சான்னு விரல் பாத்துச் சொல்லணும்."

"குத்துமே?"

"குத்தும். குத்தினாத்தான் வந்துருச்சுன்னு தெரியும்."

அதற்குள் சபூரா எழுந்துபோய் டீ போட்டு, உள்ளே மேஜைமேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். "ஐயா, டீ ஆறுது, வாங்க."

"இருக்கட்டும்மா" என்றார் தணிகாசலம். யார் வீட்டிலும் அவர் டீ குடிப்பதில்லை. இன்று குடித்தால் நாளைக்கு அவர்களைக் கூப்பிட்டுக் குடிக்க வைக்க வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று குடையை ஊன்றிப் படியேறிவிட்டார்.

டீ ஆடை கட்டியது. சபூரா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

*

பத்து வேட்டிகளை அலசி, வெயில் வந்த இரண்டே நாளில் உலர்த்தினார். ஓர் அடுக்குக்கு இரண்டு, அப்படி ஐந்து அடுக்கு. மயில்கண் கரை, பச்சைக் கரை, அரக்குக் கரை எல்லாம் ஓரத்துக்கு வந்துவிட, நடுவில் வெள்ளை, வெறும் வெள்ளை. பின்னறையில் பாய் விரித்து அதன்மேல் பரப்பினார். பரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த முனையை இழுத்தால் அந்த முனை சுருங்கும். அந்த முனைக்கு ஓடினால் இந்த முனை மடங்கும். வேறு வீட்டில் என்றால், 'ஏய், அந்த நுனியைப் பிடி' என்பார்கள், வேலை முடிந்தது. இவர் ஒரு நுனியில் இட்லிக் குண்டானையும், ஒரு நுனியில் அண்ணனுடைய பெரிய அகராதியையும், இன்னும் இரண்டில் அம்மிக் குழவியையும் இஸ்திரிப் பெட்டியையும் வைத்தார்.

இழை ஓட்டிப் பிடித்தாயிற்று. அப்புறம் நடுவில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? மனுஷர் ஆரம்பிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் எந்த நிலத்தையும் அவர் எல்லையிலிருந்துதான் வரைந்திருக்கிறார். எல்லையைச் சரியாகக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது தானாக அடங்கும் என்பது அவர் கட்சி. சுற்றிலும் ஓரத்தைத் தைத்தார். நூல் பிடித்ததுபோல நேர்த்தையல். பதினொரு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் உள்ளே வந்து பார்த்தால் நடுவில் ஒரு மேடு. பூனை உள்ளே படுத்திருக்கிற அளவுக்கு மேடு.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு படி இறங்கினார்.

மைமூன் அதை விரித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது அவள் மூக்கிலேயே தெரிந்தது. மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது அந்த இடத்தில் அமுங்கி, ஒரு முழம் தள்ளி எழும்பியது.

"எங்க போச்சு?"

"அந்தப் பக்கம்" என்றார் தணிகாசலம்.

அந்தப் பக்கம் அழுத்தினாள். இந்தப் பக்கம் வந்தது.

"நடுவுல ஆரம்பிக்கச் சொன்னேனே ஐயா?"

"ஓரத்தைக் கட்டிட்டா உள்ள தானா அடங்கும்னு நினைச்சேன்."

"அடங்குச்சா?"

"இல்லை."

மைமூன் ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். பதினொரு நாள் வேலையை அவரே உட்கார்ந்து பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அந்த மேடு கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து, கடைசித் தையல் அறுந்தபோது காணாமல் போயிருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெண்கள் மத்தியில் அழுவது எப்படி என்று கொட்டாவி விடுவதுபோல வாயை மூடிக்கொண்டார்.

"டீ?" என்றாள் சபூரா.

"வேண்டாம்மா."

*

இந்தத் தடவை நடுவில் ஆரம்பித்தார். பெரிய வெள்ளைத் துணியின் நட்ட நடுவில் ஊசியைக் குத்த முதலில் பயமாகத்தான் இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கோடு இல்லை, ஒரு மூலை இல்லை. ஒரு வரி தைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை விட்டு இன்னொன்று.

இடது கை விரல்களில் ஊசி ஏறி ஏறி, முதல் வாரம் தோசையைப் பிய்க்கவே முடியவில்லை. சட்னி பட்டால் எரிந்தது. ஐந்து அடுக்கையும் தாண்டி ஊசி வருவதற்குள் வலது கை நடுவிரல் மரத்துப்போகும். பித்தளைக் குப்பி ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளினார். தள்ளும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். 'டிக்.' அப்புறம் நூல் துணிக்குள் உரசிக்கொண்டு போகும் சத்தம். அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட புதுச் சத்தம் அதுதான்.

பொய் சொல்லக் கூடாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலைந்து வரி சேர்ந்ததும் வெறும் வேட்டியாக இருந்த துணி கொஞ்சம் உப்பி, கொஞ்சம் அமுங்கி, கையை வைத்தால் எடுக்க மனசு வராத ஒன்றாக மாறியது. கடையில் வாங்கிய எந்தக் கம்பளியிலும் அந்த மெத்து இல்லை. அவர் கையாலேயே அது வந்திருக்கிறது. ஒருநாள் தைத்த வரைக்கும் எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே கல்யாண மாப்பிள்ளை மாதிரி இரண்டு நடை நடந்தார்.

அப்புறம் காட்ட ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதுதான் அவரைப் போட்டுக் கொன்றது. கஷ்டத்தைத் தனியாகத் தாங்கிவிடலாம் போலிருந்தது. பதினொரு நாளைப் பிரித்ததைத் தாங்கவில்லையா? ஆனால் நன்றாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு, 'இங்க பாருய்யா' என்று சொல்ல ஒரு முகம் இல்லாமல் நிற்பது இருக்கிறதே, அதற்கு அவரிடம் மருந்து இல்லை. பால்காரர் வந்தபோது காட்டலாமா என்று நினைத்தார். அவர் சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை. கடைசியில் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று தூக்கிப் பிடித்தார். கண்ணாடியில் போர்வைதான் தெரிந்தது. பிடித்திருந்த ஆள் அதன் பின்னால் மறைந்துபோயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மங்கை போன் செய்தாள்.

"சாப்பிட்டியா சின்னண்ணா?"

"ஆச்சு."

"என்ன பண்ற?"

போர்வையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சோதனை சோதனையாக இருக்காது என்று விழுங்கிவிட்டார்.

"சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருக்கறதுக்கு இங்க வந்து இருக்கக் கூடாதா?"

"தை பொறக்கட்டும்."

*

மார்கழி பதினெட்டாம் நாள் மலையில் மூட்டம் இறங்கியது. எதிர்வீடு தெரியவில்லை. போர்வையில் இன்னும் கால் பாகம்தான் பாக்கி. தணிகாசலம் காலை ஒன்பது மணிக்குக் காபியைக் குடித்துவிட்டு, பின்னறை ஜன்னலோரம் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போர்வையை இழுத்து மடியில் பரத்திக்கொண்டார்.

இடது கை குளிரில் விறைத்தது. துணிக்கு அடியில் வைத்தால் விரலுக்கு ஊசி எது, தன் நகம் எது என்றே தெரியவில்லை. சரி என்று, கட்டியிருந்த வேட்டியின் முன்கொசுவத்தைத் தளர்த்தி இழுத்து, அந்தக் கையைப் போர்த்துக்கொண்டார். கை சூடேறியது. இப்போது கைக்கும் போர்வைக்கும் நடுவில் அவருடைய வேட்டி.

தைத்தார். ஆச்சரியம்! விரலில் குத்தவே இல்லை. 'விரல் பழகிடுச்சு' என்று நினைத்தார். இரண்டு மாதம் பாடுபட்டதற்குக் கை கடைசியில் வழிக்கு வந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. ஒரு வரி ஓடியது. இரண்டாவது வரி ஓடும்போது கூடத்தில் போன் அடித்தது. மங்கையாக இருக்கும். இந்த வரி முடியட்டும் என்று நினைத்தார். அது ஓய்ந்தது. மூன்றாவது வரி, நான்காவது வரி. தையல் அன்றைக்கு விழுந்ததுபோல என்றைக்கும் விழுந்ததில்லை. பொடிப்பொடியாக, எண்ணி வைத்ததுபோல. மறுபடியும் போன் அடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும். பசி வந்தது, அதுவும் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு தடவை அடித்தது.

மணி நாலாகி, ஊசிக்கண் மங்கலான பிறகுதான் தலையை நிமிர்த்தினார். கையை ஊன்றி எழுந்தார்.

போர்வையும் கூடவே எழுந்தது.

ஓரடி வைத்தார். கால் சிக்கித் தடாலென்று பாயில் விழுந்தார். என்னடா இது என்று புரட்டிப் பார்த்தால், போர்வையின் அடியில், மடியளவு இடத்துக்கு, அவர் கட்டியிருந்த வேட்டி வரிவரியாகத் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளைமேல் வெள்ளை, வெள்ளை நூல். பிரம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"அண்ணா! இங்க வந்து இந்தக் கூத்தைப் பாரேன்!"

கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

சிரிப்பு எப்படி நின்றது என்று அவருக்கே தெரியாது. போர்வையோடு கட்டுண்டபடி பாயிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இடுப்பிலிருந்த வேட்டியை அவிழ்த்து அப்படியே போர்வையோடு விட்டுவிட்டு, பெட்டியைத் தடவி வேறொன்றை எடுத்துக் கட்டினார். அது அண்ணனுடையது என்று கட்டிய பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

*

மறுநாள் காலை மூட்டையோடு மைமூன் வீட்டு வாசலில் நின்றார்.

"நான் தோத்துட்டேம்மா" என்றார். "தங்கச்சிகிட்ட வர்றேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"முதல்ல உள்ள வாங்க. என்ன ஆச்சு?"

விரித்துக் காட்டினார். மூன்று பெண்களும் குனிந்து பார்த்தார்கள். முதலில் சபூராதான் வெடித்தாள். அப்புறம் அஞ்சலை. மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா" என்றாள் சபூரா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இதைச் செய்யாதவங்க யாரு? நான் என் சேலையோட நாலு தையல் போட்டிருக்கேன். குக்கர் விசிலடிச்சுது, எந்திரிச்சேன், கூடவே வந்துச்சு."

"எனக்கு ஏழு" என்றாள் அஞ்சலை. "மாமியார் கூப்பிட்டாங்க. எந்திரிச்சா பாவாடையோட சேத்துத் தைச்சிருக்கேன்."

"நான் பத்து" என்றாள் மைமூன். "வாசல்ல கதவைத் தட்டினாங்க."

தணிகாசலத்துக்கு மனசு கொஞ்சம் லேசானது. எல்லாரும் செய்கிற தப்புதானா? உலகத்தில் தான் ஒருத்தர்தான் என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தார்.

"உங்களுது எத்தனை தையல்னு பாப்போம்" என்று அஞ்சலை அடிப்பக்கத்தைத் திருப்பினாள். விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். ஒரு வரி தாண்டியது. இரண்டு வரி தாண்டியது. அவள் தையல்களை விட்டுவிட்டு வரிகளை எண்ணினாள். எண்ண எண்ண அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"பதிமூணு வரி."

யாரும் சிரிக்கவில்லை. சபூரா அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"எப்பய்யா உக்காந்தீங்க?" என்று மைமூன் கேட்டாள்.

"ஒன்பது மணி."

"எந்திரிச்சது?"

"நாலு."

"நடுவுல?"

"எந்திரிக்கல." இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. "எதுக்கு எந்திரிக்கணும், சொல்லுங்க. உங்களுக்குக் குக்கர் இருக்கு, மாமியார் இருக்காங்க, கதவைத் தட்ட ஆள் இருக்கு. நாலு தையல்ல தெரிஞ்சுடுது. எனக்கு யாரு இருக்கா? ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஏய் தணிகான்னு ஒரு குரல் குடுத்திருந்தா நானும் நாலு தையல்ல எந்திரிச்சிருப்பேன்."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலை மூக்கை உறிஞ்சினாள். சபூரா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மைமூன் மட்டும் அசையவில்லை. போர்வையின் அந்த இடத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"தையல் நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

"அதுக்கு இப்ப என்ன?"

"நாள் பூரா வீட்ல ஒரு சத்தமும் இல்லையா?"

"இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"போன் அடிச்சுது" என்றார் தணிகாசலம்.

"யாரு?"

"மங்கையாத்தான் இருக்கும். வேற யாரு எனக்குப் பண்ணப்போறா?"

"எத்தனை தடவை?"

"மூணு."

"எடுத்தீங்களா?"

"வரி பாதியில இருந்துச்சு."

மைமூன் தலையை ஆட்டினாள். தையல் டப்பாவைத் திறந்து சிவப்பு நூல் கோத்த ஊசி ஒன்றை எடுத்தாள்.

"முதல் தடவை அடிச்சப்ப எந்த வரியில இருந்தீங்க?"

வரைபடம் போட்ட மனிதர். போட்ட கோடு மறக்காது. குனிந்து, தன் வேட்டி ஒட்டியிருந்த இடத்தை உற்றுப் பார்த்து, இரண்டாவது வரியின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க."

அவர் விரல் வைத்த இடத்தில் மைமூன் ஒரே ஒரு சிவப்புத் தையல் போட்டு முடிச்சிட்டாள். அத்தனை வெள்ளையில் அது ஒன்று தனியாகத் தெரிந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றார் தணிகாசலம். "தனியா முடியுமான்னு உங்களைக் கேட்டேன். முடியும்னீங்க. எனக்கு முடிஞ்சுதா, முடியலையா? நான் அங்க போகணுமா, இங்க இருக்கணுமா?"

மைமூன் ஊசியை டப்பாவில் வைத்து மூடினாள். சின்னக் கத்தரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தப்பு இந்த சிவப்பு வரைக்கும்தான் ஐயா. அதுக்கு மேல இருக்கறதெல்லாம் நீங்களா தைச்சது."

தணிகாசலம் கத்தரிக்கோலைத் தொடவில்லை. அந்தச் சிவப்புத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மூட்டம் கலைந்து வெயில் படியேறிக்கொண்டிருந்தது. மைமூன் தன் பாட்டுக்கு வேறொரு போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

உள்ளேயிருந்து சபூரா கூப்பிட்டாள்.

"ஐயா, டீ ஆறுது."

அவர் தன் மடியை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

எழுந்தார்.